எட்டு வாய்ப் பெட்டி

காது பரிசோதிக்கிறவனுக்கு ஒலிப்பதிவும் தெரிந்திருக்கும் என்று எங்கள் சபையின் பாடகர் குழு எந்த நியாயத்தில் முடிவு செய்தது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் நான் டெக்னீஷியனாக இருந்தேன். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு காதிலும் மெல்லிய ஓசைகளை அனுப்பி, கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்லி, எது கேட்கிறது எது கேட்கவில்லை என்று காகிதத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பது என் வேலை. இதில் சங்கீதம் எங்கே வருகிறது? தையல்காரரைக் கூப்பிட்டுப் பாய் முடையச் சொன்ன மாதிரிதான்.

விஷயம் இதுதான். முந்தைய வருஷத்துக் கிறிஸ்துமஸ் கீத ஆராதனையை ஒருவர் கேசட் ரெக்கார்டரை ஆல்டர் பீடத்துப் படியில் வைத்துப் பதிவு செய்திருந்தார். அதில் தபலாவும் இருமலும் மட்டும் சுத்தமாக விழுந்திருந்தன. முப்பது பேர் பாடியது பக்கத்துத் தெருவில் பாடியதைப் போலக் கேட்டது. இந்தத் தடவை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று கமிட்டி கூடியது. டிசம்பரில் எங்கள் குழு அரக்கோணம், ஆற்காடு, ஆம்பூர் என்று நாலைந்து ஊர்ச் சபைகளுக்குப் பாடப் போகும். அதனால் கருவிகள் வேனில் ஒரு சீட்டுக்குள் அடங்க வேண்டும். ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியாகப் பிடித்து, பிறகு கூட்டிக் குறைத்துக் கலந்து, சிடி ஆக்க வேண்டும். “காது டிபார்ட்மெண்ட் பிரதர் இருக்காரே, அவர் பாத்துப்பார்” என்றார் கொயர் மாஸ்டர். எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டாயிரத்து நாலு வாக்கில் நடந்தது இது.

நான் மறுத்திருக்கலாம். மறுக்காததற்குக் காரணம் என் மனைவி. அவள் பள்ளிக்கூட டீச்சர். குழுவில் மேல் ஸ்தாயியில் பாடுகிறவள். கீத ஆராதனையில் ஒரு பாட்டின் நடுவே எல்லாரும் நிறுத்திக்கொள்ள, ஒரே ஒரு பெண்குரல் தனியாக ஒரு சரணம் பாட வேண்டும். எங்களுக்குக் கல்யாணம் ஆன காலத்திலிருந்து அந்தச் சரணம் அவளுடையதாக இருந்தது. அதற்கு நாலு வருஷம் முன்னால், ஆராதனை முடிந்து வீட்டுக்கு வருகிற வழியில், நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், உன் குரல் கொஞ்சம் மழுங்கிவிட்டது, வார்த்தை எல்லாம் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது என்று சொல்லிவைத்தேன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் கேட்டது. காது விஷயத்தில் ஊரே என் பேச்சை நம்பும்போது அவள் நம்பாமல் இருப்பாளா? அடுத்த வருஷம் அந்தச் சரணத்தை ஒரு நர்ஸ் பெண்ணுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

அவள் அங்கே நிற்பதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நான் கண்ணைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை, ஏனென்றால் வீட்டிலும் அவள் பேச்சு வரவர முணுமுணுப்பாகத்தான் எனக்குக் கேட்டது. “கொஞ்சம் வாயத் தொறந்து பேசேன்” என்று தினம் நாலு தடவையாவது சொல்வேன். அந்த வருஷம் நர்ஸ் பெண்ணுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டாள். கொயர் மாஸ்டர் மறுபடி என் மனைவியைக் கேட்டார். அவள் குழுவின் முன்னால் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “இவர் பதிவு பண்ணட்டும். நானே ஒரு தடவ கேக்கறேன். நல்லா இருந்தா பாடறேன். இல்லன்னா இனிமே என்னை யாரும் கேக்க வேணாம்.”

மங்கிய குரலுக்குக் கம்ப்யூட்டரில் பளபளப்பு ஏற்றலாம் என்று நான் எங்கோ படித்திருந்தேன். நல்ல கருவியாகப் பார்த்து வாங்கிவிட்டால் அவள் முன்வரிசைக்கு வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். தலையை நீட்டியது அதற்காகத்தான்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் தலை சுற்றுகிறது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து, உலகத்தில் யார் யாரோ எழுதியதையெல்லாம் படித்தேன். ஒருவர் சின்ன டிஸ்க் ரெக்கார்டர் போதும், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்றார். அதில் இரண்டு மைக்குக்குமேல் செருக முடியாது, பிறகு எதைக் கலக்குவது என்று இன்னொருவர் அவரைத் திட்டினார். மூன்றாமவர், மிக்ஸரும் ரெக்கார்டரும் ஒன்றாகச் சேர்ந்த மேஜைப் பெட்டி வாங்கு, கம்ப்யூட்டர் நடுவில் நின்றுபோனால் அழுவாய் என்றார். நாலாமவர், லேப்டாப்பும் வெளியே ஒரு பெட்டியும்தான் வருங்காலம் என்று சத்தியம் செய்தார். ஒரு நோட்டு வாங்கி எல்லாவற்றையும் எழுதினேன். முதல் பக்கத்தில் ‘வேண்டும்’ என்று எழுதியதெல்லாம் ஐந்தாவது பக்கத்தில் ‘வேண்டாம்’ ஆகியிருந்தது. எந்தப் பக்கத்தை நம்புவது என்றே தெரியவில்லை.

சென்னைக்கும் ஒரு தடவை போய்வந்தேன். முதல் கடைக்காரர் மைக் நன்றாக இருந்தால் மற்றது எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்றார். அடுத்த கடைக்காரர் மைக் எதுவானாலும் பெட்டி நன்றாக இருக்க வேண்டும் என்றார். மூன்றாவது கடையில், சார் முதலில் என்ன பதிவு பண்ணப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். பாட்டு என்றேன். என்ன மாதிரிப் பாட்டு, எத்தனை பேர், எவ்வளவு உயரக் கூரை, கல் சுவரா மரமா என்று அடுக்கினார்கள். எனக்குத் தெரிந்த ஒரே பதில் முப்பது பேர் என்பதுதான். அதையும் சந்தேகத்தோடு சொன்னேன், ஏனென்றால் ஒத்திகைக்கு முப்பது பேர் ஒரு நாளும் வந்ததில்லை.

குழப்பத்தைத் தீர்க்க வந்தவன் என் ஆம்பூர் நண்பன். அங்கே ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தான். எங்கள் குழுவில் பாடுவதற்காகவே சனிக்கிழமைதோறும் ரயிலேறி வேலூருக்கு வருவான். நல்ல குரல், அதைவிட நல்ல வாய். உலகத்தில் எல்லாவற்றையும் அவன் தோலாகவும் ஷூவாகவும்தான் பார்ப்பான். என் நோட்டைப் புரட்டிவிட்டு, “இன்னா தோஸ்த் இது? சாம்பிள் பாக்காம ஆர்டர் போட எவ்ளோ பேஜார் பண்ற?” என்றான். தோல் கண்காட்சிக்காகக் கம்பெனி அவனை வருஷத்துக்கு ஒருமுறை வெளிநாட்டுக்கு அனுப்பும். இந்தத் தடவை வரும்போது பெட்டியை அவனே வாங்கிவருவதாகச் சொன்னான். லேப்டாப்புக்குக் கம்பெனி அவனுக்குக் கொடுத்திருப்பதையே பயன்படுத்திக்கொள்ளலாம், வெளிநாடு போகாதபோது அதற்கு லீவுதான், உன் வீட்டிலேயே இருக்கட்டும் என்றான்.

அக்டோபரில் அவன் திரும்பிவந்தான். ஷூ சாம்பிள் கொண்டுபோகிற பையில், இரண்டு ஒற்றைச் செருப்புகளுக்கு நடுவில், துணி சுற்றி அந்தப் பெட்டி இருந்தது. முகப்பில் வட்டமாக எட்டுத் துளைகள், எட்டு மைக்குகளுக்கு. அதைப் பார்த்ததும் அவனே பெயரும் வைத்துவிட்டான், எட்டு வாய்ப் பெட்டி என்று. எட்டு வாயும் ஒரே சமயத்தில் கேட்டதை ஒரு கம்பி வழியாக லேப்டாப்புக்கு அனுப்பும். அங்கே எட்டும் எட்டு வரிகளாகத் தனித்தனியே பதிவாகும். பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு இருவரும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கம்பியை எடுத்து லேப்டாப்பில் செருகப் போனோம். கம்பியின் முனையில் ஆறு பல். லேப்டாப்பின் துளையில் நாலுதான்.

இதற்கு வேறு கம்பி உண்டு என்று பிரவுசிங் சென்டரில் கண்டுபிடித்தேன். அந்தக் கம்பி சென்னையிலிருந்து வந்தது. செருகினால் பெட்டியில் விளக்கு எரியவில்லை. ஆறு பல்லில் இரண்டு பல் மின்சாரத்துக்கானதாம். நாலு பல் கம்பியில் அது வராதாம். அப்படியானால் பெட்டிக்குத் தனியாக ஒரு அடாப்டர். அதையும் தேடினோம். இப்படி ஒரு கயிற்றின் ஒரு முடிச்சை அவிழ்த்தால் அடுத்த முடிச்சு கைக்கு வரும். நண்பன் அலுத்துக்கொள்ளவே இல்லை. கம்பெனியில் ஒரு ஆர்டர் கப்பலேறுவதற்குள் நூறு முடிச்சு அவிழ்ப்பவன் அவன்.

அடுத்தது மென்பொருள். பெட்டியோடு ஒன்று வந்தது. இணையத்தில் இலவசமாக ஒன்று கிடைத்தது. சென்னையில் நடைபாதையில் விற்ற ஒரே சிடியில் இருபது இருந்தன, இருபதுக்கும் திறவுகோல் எண்களோடு. அதை வாங்கிவந்தது நான்தான். வெட்கத்தோடுதான் சொல்கிறேன். சபைக் காரியத்துக்குத் திருட்டுச் சரக்கா என்று மனைவி கேட்ட பிறகு அதைத் தொடவில்லை. மிச்சம் இரண்டு. ஒன்றைத் திறந்தால் விமானி அறை மாதிரி ஆயிரம் பட்டன். இன்னொன்றில் பட்டன் குறைவு, ஆனால் எந்தப் பட்டன் எதற்கு என்று எங்கும் எழுதவில்லை. நான் இரண்டையும் மாற்றி மாற்றித் திறந்து ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நண்பன் வந்து, “எதுல பட்டன் கம்மியோ அதான் நமக்கு. வா” என்றான். இரண்டு மாதம் உலகமெல்லாம் கருத்துக் கேட்ட ஒருவன் தேர்வு செய்த விதம் இதுதான்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம், எங்கள் சபைக் கோயிலில், ஒத்திகையின்போது முதல் பதிவு. பெஞ்சுகளைத் தள்ளி, மைக்குகளை நிறுத்தி, தரையெல்லாம் கம்பி இழுத்தோம். பதிவு பட்டனை அழுத்தியதும் எட்டு வரியிலும் ஒரே மாதிரி ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். கோயில் ஒயரிங்தான் காரணம் என்றார் கொயர் மாஸ்டர். மின்சார வாரியத்தின் வேலை என்றார் வயலின்காரர். அரைமணி நேரம் ஆளுக்கொரு சுவிட்சை அணைத்துப் பார்த்தோம். நண்பன் தடுக்கி விழுந்து லேப்டாப் சார்ஜரின் ஒயர் பிடுங்கிக்கொண்டபோது உறுமல் நின்றது. சார்ஜர் இல்லாவிட்டால் சுத்தமான சத்தம், ஆனால் பேட்டரி ஒன்றேகால் மணி நேரம்தான் தாங்கும், ஆராதனையோ இரண்டு மணி நேரம். அவனுடைய ஆபீஸில் அதே லேப்டாப் வைத்திருந்த ஒருவரிடம் இன்னொரு பேட்டரி கேட்டு வாங்குவது என்று முடிவானது.

கடைசியாக என் மனைவியின் சரணம். அவளுக்கென்று தனி மைக். அவள் முன்னால் வந்து நின்றபோது சேலைத் தலைப்பை இரண்டு தரம் சரிசெய்துகொண்டாள். பயப்படுகிறாள் என்று தெரிந்தது. பாடினாள். திரையில் அவளுடைய வரியில் பச்சைக் கோடு துள்ளி எழுந்து மஞ்சளைத் தொட்டது. நல்ல பலமான குரல் என்று அதற்கு அர்த்தம். ஆனால் ஹெட்போனில் எனக்குக் கேட்டது அதே மழுங்கல், கம்பளிக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி. கண் ஒன்று சொல்கிறது, காது ஒன்று சொல்கிறது. எதை நம்புவது?

நான் காதுக்காரன். காதைத்தான் நம்பினேன்.

அவளை மறுபடி பாடச் சொன்னேன். கம்பியை மாற்றினேன். மைக்கை மாற்றினேன், மூன்று மைக். பெட்டியில் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு மாற்றினேன். ஹெட்போனை மாற்றினேன். பட்டன் அதிகமுள்ள அந்த மென்பொருளைத் திறந்து அதிலும் பார்த்தேன். எதிலும் மாற்றமில்லை. எட்டு வாயில் கூட்டுப்பாட்டும் வாத்தியமும் போன ஏழு வாய் ஒழுங்காகப் பேசும்போது என் மனைவியின் குரல் மட்டும் ஏன் இப்படி? நண்பன் ஹெட்போனை வாங்கி மாட்டிக் கேட்டுவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றான். ஃபேக்டரி மிஷின் சத்தத்தில் உன் காது போய்விட்டது, உனக்கு என்ன தெரியும் என்று நான் அவனிடம் எரிந்து விழுந்தேன். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டான். ஏழாவது தடவை பாடி முடித்தபோது என் மனைவி மைக்கை விட்டு விலகி நின்று, என்னைப் பார்க்காமல் தண்ணீர் குடித்தாள்.

அந்த வாரம் முழுவதும் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து அவளுடைய வரியைச் சரிசெய்தேன். மென்பொருளில் ஓசையின் கீழ்ப்பகுதி, நடுப்பகுதி, மேல்பகுதி என்று தனித்தனியே ஏற்றி இறக்கலாம். மேல்பகுதியை ஏற்றினேன். கொஞ்சம் வார்த்தை தெரிந்தது. இன்னும் ஏற்றினேன். இன்னும் தெரிந்தது. முழுசாக ஏற்றியபோது, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, அவள் பாடிய ஒவ்வொரு எழுத்தும் கல்வெட்டு மாதிரி எனக்குத் தெளிவாகக் கேட்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அலைந்ததெல்லாம் இதற்குத்தான் என்று நினைத்தேன். சிடி போட்டு எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்குப் போனேன்.

ஆராதனை முடிந்து, சபைப் போதகர் ஐயர் அங்கி மாற்றுகிற அறையில் இருந்த பிளேயரில் போட்டேன். கூட்டுப்பாட்டு ஓடியபோது எல்லாரும் தலையாட்டினார்கள். சரணம் வந்தது. ஒரே சமயத்தில் ஐந்தாறு முகம் சுளித்தது. வயலின்காரர் காதைப் பொத்திக்கொண்டார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கொயர் மாஸ்டர் கை காட்டினார். “ஊசி எடுத்துக் குத்தற மாதிரி இருக்குதே பிரதர்” என்றார். நான் இல்லை, இப்போதுதான் குரல் சரியாக இருக்கிறது, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வாதாடினேன். வாதாட வாதாட அறையில் யாரும் என் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவள் அமைதியாக, “இதான் என் குரலா?” என்று கேட்டாள். “சரி, வேற யாரையாவது பாருங்க” என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு பைபிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எனக்குப் புரியவே இல்லை. ஏற்றாவிட்டால் மழுங்கல். ஏற்றினால் ஊசி. எனக்கு ஊசியாகக் கேட்கவில்லை என்பதுதான் பெரிய குழப்பம். பிளேயர் சரியில்லையா? சிடியில் எழுதும்போது ஏதாவது ஆகிவிட்டதா? நண்பன் கொண்டுவந்த பெட்டியே தரம் குறைந்ததா? அவனுக்குப் போன் போட்டு அதையும் கேட்டேன். பாவம், அவன் பெட்டி வாங்கிய ரசீதில் இருந்த எண்களையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டினான்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் பரிசோதனை அறைக்குள் போனேன். வேலூரிலேயே அமைதியான இடம் அதுதான், கதவைச் சாத்தினால் பஸ் ஹாரன்கூடக் கேட்காது. எங்கே பிசகு என்று இன்றைக்குக் கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்தேன். என்னோடு வேலை பார்த்த பெண் டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு அந்தப் பக்கம் வந்தாள். எனக்குப் பத்து வருஷம் இளையவள், படிப்பில் என்னைவிடப் பெரியவள். கேட்டுப் பார் என்று ஹெட்போனைக் கொடுத்தேன். முதலில் கை வைக்காத அசல் பதிவு. “யாரு சார் பாடறது? சூப்பரா இருக்கு” என்றாள். பிறகு நான் சரிசெய்தது. இரண்டாவது வரிக்கே ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டாள்.

நான் விடவில்லை. அசலில் வார்த்தை புரிகிறதா என்று கேட்டேன். ஒவ்வொன்றும் புரிகிறது என்று முழுச் சரணத்தையும் ஒப்பித்தாள். பொய் சொல்லாதே என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நோயாளிகளை அப்படிப் பார்ப்பாள், எனக்குத் தெரியும்.

“சார், தப்பா நெனச்சிக்காதீங்க. பத்து நிமிஷம் அந்தச் சேர்ல உக்காருங்க.”

பதினேழு வருஷமாக ஆயிரக்கணக்கான பேரை உட்கார வைத்த நாற்காலியில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள். தாழ்ந்த ஓசைகள் வந்தன, டக் டக்கென்று பட்டனை அழுத்தினேன். அவள் மேலே போகப் போக இடைவெளி கூடியது. ஒரு கட்டத்தில் ஓசையே வரவில்லை. சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நோயாளி எங்களைப் பார்க்கக் கூடாது என்று நாற்காலியைத் திருப்பித்தான் போட்டிருப்போம். ஆனால் பக்கத்து அலமாரியின் கண்ணாடிக் கதவில் அவளுடைய பிம்பம் தெரிந்தது. அவள் கை மிஷினில் ஓசை அனுப்புகிற பட்டனை அழுத்துவது தெரிந்தது. அழுத்தினாள். காத்திருந்தாள். சத்தத்தைக் கூட்டி மறுபடி அழுத்தினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

காகிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். இரண்டு காதிலும் கோடு நேராகப் போய், மேல் ஓசைகள் தொடங்குகிற இடத்தில் கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளிலிருந்து வருகிறவர்களுக்கு இதே கோட்டை எத்தனை வரைந்திருப்பேன்! “சத்தமான எடத்துல வேல செஞ்சிருக்கீங்களா?” என்று அவள் கேட்டாள். நான் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. குடியாத்தத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பவர்லூம் ஷெட் இருந்தது. பள்ளிக்கூட லீவு நாளெல்லாம் அங்கேதான் இருப்பேன். படிப்பு முடிந்து வேலை கிடைக்கிறவரை இரண்டு வருஷம் முழுநேரமும் லுங்கித் தறிகளுக்கு நடுவில் நின்றிருக்கிறேன். அதைச் சொன்னேன். அவள் காகிதத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். முந்தைய வருஷம் இந்த மிஷினில் மேல் ஓசை பலவீனமாக வருகிறது என்று நான் புகார் எழுதிக்கொடுத்து, சென்னையிலிருந்து என்ஜினியர் வந்து அளந்து பார்த்து, மிஷின் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த என்ஜினியருக்கு வேலை தெரியாது என்று நான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன்.

காது போனது அன்றைக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை. என்னைத் தின்றது வேறு. மூன்று வருஷம் ஒருத்தியைப் பின்வரிசையில் நிறுத்திவைத்திருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் சாப்பாட்டு மேஜையில் மாதத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் காகிதத்தை அந்தத் தாள்களின்மேல் வைத்தேன். யாருடையது என்றாள். என்னுடையது என்றேன். கோடு எங்கே இறங்குகிறது, இறங்கினால் என்ன கேட்காது, பாட்டில் எந்தப் பகுதி அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடும் என்று விளக்கினேன். விளக்குவது எனக்கு நன்றாக வரும். அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

“அப்ப என் குரலு?”

“உன் குரலுக்கு ஒண்ணும் ஆவல. எப்பவுமே ஆவல.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். “முணுமுணுக்காத, முணுமுணுக்காதன்னு எத்தினி தடவ சொன்னீங்க. கிளாஸ்லகூட வாயப் பெருசா தொறந்து தொறந்து பாடம் நடத்தினேன். பசங்க சிரிச்சாங்க” என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய் லேப்டாப்பைத் தானே திறந்து, அசல் பதிவைப் போடச் சொன்னாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி மூன்று தடவை கேட்டாள். நான் நின்றுகொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்ன கேட்கிறாளோ அது எனக்குத் தெரியாது, இனிமேலும் தெரியப்போவதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. கழற்றி வைத்துவிட்டு, மாஸ்டருக்குப் போன் போட்டு ஒரே வரியில், நான் பாடுகிறேன் என்று சொன்னாள். என்னோடு மூன்று நாள் பேசவில்லை.

டிசம்பரில் ஆம்பூர்ச் சபையில் கீத ஆராதனை. எட்டு வாயிலும் எட்டு மைக் செருகி, இரண்டு பேட்டரியும் நிரப்பி, ஓரமாக ஒரு மேஜையில் உட்கார்ந்தோம். இந்தத் தடவை ஹெட்போன் நண்பனின் காதில், மௌஸ் என் கையில். அவன் பாடுகிற பாட்டுகளுக்கு எழுந்து போவான், அப்போது நான் திரையைப் பார்த்து மட்டும் நடத்துவேன். எது கூட, எது குறைய என்று அவன் விரலால் காட்டக் காட்ட நான் ஏற்றி இறக்கினேன். ஹெட்போனை ஒரு தடவைகூடக் கேட்டு வாங்கவில்லை. கை அரித்ததென்னவோ உண்மை.

எல்லாரும் நிறுத்தினார்கள். அவள் முன்வரிசையிலிருந்து ஒரு அடி முன்னால் வந்து பாடினாள். எனக்கு ராகம் கேட்டது, வார்த்தைகளின் பாதி கேட்டது. நண்பன் விரலை அசைக்கவே இல்லை, எதையும் மாற்ற வேண்டாம் என்று அர்த்தம். சபையில் ஓர் இருமல்கூட இல்லை. முன்பெஞ்சில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எந்த வரியில் என்று எனக்குத் தெரியவில்லை, அந்த வரி எனக்கு விழவில்லை.

வேனில் திரும்பும்போது எல்லாரும் அவளைப் பற்றியே பேசிக்கொண்டுவந்தார்கள். நண்பன் ஆம்பூரிலேயே இறங்கிக்கொள்ள வேண்டியவன், பேச்சு சுவாரஸ்யத்தில் பள்ளிகொண்டா வரைக்கும் வந்துவிட்டான். “ரிஜெக்ட்டே இல்ல சிஸ்டர், ஏ கிரேடு” என்றான் இறங்கும்போது. அவள் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம், மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அது எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வதாகும்.

ஊர் நெருங்கும்போது அவள் என் பக்கம் திரும்பினாள். வழக்கத்தைவிட ஒரு சுற்று உரக்க, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்:

“எந்தெந்த எடம் உங்களுக்குக் கேக்கலன்னு ஒரு தாள்ல எழுதுங்க. வீட்டுக்குப் போயி, அத மட்டும் சொல்றேன்.”

சரி என்றேன். மூன்று வருஷத்தில் விட்டுப்போனதையும் சேர்த்து எழுத வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தேன், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.